நாற்பது பெல்ட்டுகளா, பத்துப் பெட்டிகளா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் சங்கத்து நண்பர் ஒருவரின் மகள் என் வீட்டுக்கு வந்தாள். கண் மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறாள். கையில் ஒரு கட்டுக் காகிதம். முகத்தில் அழுகைக்கு முந்தின இறுக்கம். மூன்று வாரத்தில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். அதைப் படித்த பேராசிரியர் முதல் அட்டவணையின் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரே ஒரு கேள்வியை எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்: “120 என்பது எது?”

“கண்ணுதான் அங்கிள் 120. அறுபது பேர், ஆளுக்கு ரெண்டு கண்ணு. இதுல என்ன தப்பு?” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நான் டாக்டர் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வே மின்பிரிவில் காலம் தள்ளியவன். ஆனால் இதே கேள்வி 1988-ல் என்னிடமும் கேட்கப்பட்டது. நானும் இதே பதிலைத்தான் சொன்னேன். அன்று பட்ட அவமானத்தால்தான் புள்ளியியல் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன். ஓய்வு பெற்றபின் அது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. அவளுக்கு அன்று சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். மேற்படிப்பு படிக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது பயன்படலாம்.

முதலில் அவளுடைய ஆய்வு. சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்படத் தொடங்கியவர்கள் அறுபது பேர். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்கள் ஒரு பக்கம், வைக்காதவர்கள் மறுபக்கம். ஒவ்வொரு கண்ணுக்கும் லேசர் சிகிச்சை தேவைப்படும் நிலை எத்தனை மாதத்தில் வந்தது என்று மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து எடுத்திருந்தாள். கட்டுக்குள் வைத்தவர்களின் கண்கள் அதிக நாள் தாங்கின என்பது அவள் கண்ட முடிவு. (சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கண்ணுக்கு நல்லது என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். 1993-ல் வெளியான, அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வு அதை நிலைநாட்டிவிட்டது. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.) கேள்வி, இந்த அறுபது பேரை வைத்து எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்பதுதான்.

இனி என் கதை. உங்களில் பலர் ஜி.டி.யிலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் ஊருக்குப் போய் வந்தவர்கள். பழைய சாதாரணப் பெட்டிகளில் விளக்குக்கும் விசிறிக்கும் மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? பெட்டிக்கு அடியில் ஓர் ஆல்டர்னேட்டர் தொங்கும. சக்கர அச்சில் ஒரு புல்லி, ஆல்டர்னேட்டரில் ஒரு புல்லி. இரண்டையும் நான்கு வி-பெல்ட்டுகள் இணைக்கும். வண்டி ஓடும்போது அச்சு சுற்ற, பெல்ட் சுற்ற, மின்சாரம் பிறந்து பாட்டரியில் சேரும். பெல்ட் அறுந்து விழுந்தால் சில மணி நேரம் பாட்டரி தாங்கும்; பிறகு இருட்டு. இருட்டுப் பெட்டியில் பயணிகள் யாரைத் திட்டுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

1988-ல் இரண்டு கம்பெனிகளின் பெல்ட்டுகளில் எது நீடித்து உழைக்கிறது என்று பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. எனக்கு அப்போது 28 வயது. முதல் கம்பெனியின் பெல்ட் ஐந்து பெட்டிகளில், இரண்டாவதின் பெல்ட் ஐந்து பெட்டிகளில். பெட்டிக்கு நான்காக ஆளுக்கு இருபது, மொத்தம் நாற்பது பெல்ட். வழக்கமாக ஒன்று அறுந்தால் நான்கையும் செட்டாக மாற்றுவது முறை. சோதனைக்காக அறுந்ததை மட்டும் மாற்றி மற்றவற்றை ஓடவிட்டோம். ஒவ்வொன்றும் எத்தனை மாதம் ஓடியது என்று ரிஜிஸ்தரில் குறித்தோம்.

ஆயுளை அளப்பது, பார்க்க எளிதாகத் தெரிந்தாலும் வில்லங்கமானது. எல்லா பெல்ட்டும் நம் கண் முன்னால் அறுந்து முடிவதில்லை. சோதனை முடியும் நாளிலும் சில ஓடிக்கொண்டிருக்கும். சில பெட்டிகள் நடுவிலேயே ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும். சில பெல்ட்டுகளை யார்டில் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மாவு மில்லுக்கும் பம்ப்செட்டுக்கும் அது உதவும். இவற்றின் முழு ஆயுள் நமக்குத் தெரியாது. “குறைந்தது இத்தனை மாதம்” என்று மட்டும் தெரியும். இப்படிப் பாதியில் நின்றுபோகும் தகவலைப் புள்ளியியலில் சென்சாரிங் என்பார்கள். சினிமா சென்சாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. படம் பாதியில் வெட்டுப்பட்டது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுப்பட்ட தகவலைத் தூக்கி எறியவும் கூடாது, அறுந்ததாக எண்ணவும் கூடாது. இதற்கு எட்வர்ட் கப்லான், பால் மையர் என்ற இரு அமெரிக்கர்கள் 1958-ல் ஒரு வழி எழுதினார்கள். மையர் மருத்துவப் புள்ளிவிவரம் பார்த்தவர். கப்லான் பெல் டெலிபோன் ஆராய்ச்சிக்கூடத்தில், கடலடித் தொலைபேசிக் கம்பியில் இருக்கும் வால்வுகள் எத்தனை காலம் எரியும் என்று பார்த்தவர். தனித்தனியே எழுதிய இருவரையும் பத்திரிகை ஆசிரியர் சேர்ந்து எழுதச் சொல்லிவிட்டார். நோயாளியின் ஆயுளும் வால்வின் ஆயுளும் ஒரே கணக்குதான் என்பது அன்றே தெரிந்துபோயிற்று. எனக்கு இதில் ஒரு தனிப் பெருமை உண்டு. நம் தொழிற்சாலைப் பக்கத்து ஆள் ஒருவர் அதில் இருக்கிறார்!

அவர்கள் வழியை எட்டு பெல்ட்டை வைத்துப் பார்ப்போம். 2-ஆம் மாதம் ஒன்று அறுந்தது. 3-ஆம் மாதம் ஒன்று திருட்டுப் போனது. 4-ஆம் மாதம் ஒன்று அறுந்தது. 5-ஆம் மாதம் ஒன்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. 6-லும் 7-லும் ஒவ்வொன்று அறுந்தன. மீதி இரண்டு, 9-ஆம் மாதம் சோதனை முடியும்போதும் ஓடின.

ஒவ்வொரு முறை அறும்போதும், “அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தவை எத்தனை, அதில் தப்பியவை எத்தனை” என்று கேட்க வேண்டும். 2-ஆம் மாதம் 8 ஓடின, 7 தப்பின: 7/8. 4-ஆம் மாதம் ஓடியவை 6 (திருட்டுப் போனதைக் கழித்தாயிற்று), தப்பியவை 5: 5/6. 6-ஆம் மாதம் ஓடியவை 4, தப்பியவை 3: 3/4. 7-ஆம் மாதம் 2/3. நான்கையும் பெருக்கினால் 0.36 வருகிறது. அதாவது ஒன்பது மாதம் தாங்கும் வாய்ப்பு 36 சதவிகிதம். காணாமல் போனதையும் ஒர்க்‌ஷாப் போனதையும் அறுந்ததாக எண்ணியிருந்தால் எட்டில் இரண்டு, 25 சதவிகிதம் என்று பெல்ட்டைக் குறைத்து மதித்திருப்போம்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. வெட்டுப்படுவதற்கும் ஆயுளுக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. ஒர்க்‌ஷாப்புக்குப் போவது தேதி பார்த்து நடப்பது, அதனால் தொந்தரவில்லை. திருட்டு அப்படியல்ல. எந்தத் திருடனும் தேய்ந்த பெல்ட்டைத் திருடுவதில்லை! நல்ல பெல்ட்டாகப் பார்த்துக் கழற்றினால், மிச்சம் இருப்பவை நோஞ்சான்களாக இருக்கும், கணக்கு கெட்டுவிடும். மருத்துவத்திலும் இதே கதைதான். உடம்பு மோசமானதும் ஊருக்குத் திரும்பிப் போய்விடும் நோயாளியை “தொடர்பு விட்டுப்போயிற்று” என்று ஒரு வரியில் எழுதிவிட முடியாது.

இரண்டு கம்பெனிகளை ஒப்பிட இன்னொரு கருவி வேண்டும். இங்கிலாந்துப் புள்ளியியலாளர் டேவிட் காக்ஸ் 1972-ல் அதைக் கொடுத்தார். இவரும் தொடக்கத்தில் விமான ஆராய்ச்சி நிலையத்திலும் கம்பளித் தொழில் ஆராய்ச்சியிலும் வேலை பார்த்தவர், 2022-ல் காலமானார். இன்றுவரை அறாமல் இருக்கும் பெல்ட் அடுத்த நாள் அறுந்துபோகும் வேகத்தை “அபாய வேகம்” என்று சொல்லலாம். அந்த வேகம் மாதத்துக்கு மாதம் எப்படி ஏறி இறங்கினாலும் கவலையில்லை, இரண்டு கம்பெனிகளின் வேகங்களுக்கு இடையே உள்ள விகிதத்தை மட்டும் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார். விகிதம் 1 என்றால் இரண்டும் சமம். 2 என்றால் ஒன்று இரு மடங்கு மோசம்.

காக்ஸைப் பற்றி 1988-ல் எனக்கு ஒன்றும் தெரியாது. நான் போட்டது வெறும் சராசரி. இரண்டாவது கம்பெனியின் பெல்ட்டுகள் ஏறக்குறைய இரு மடங்கு அறுந்திருந்தன. இருபதுக்கு இருபது பார்த்தாயிற்று, இனிமேல் அந்தக் கம்பெனியிடம் வாங்க வேண்டாம் என்று குறிப்பு எழுதிவிட்டேன். ஒரு கம்பெனியின் வயிற்றில் அடிக்கும் குறிப்பு. எழுதும்போது கை நடுங்கவில்லை, கணக்கு இருக்கிறதே!

அதைப் பார்க்க வந்த அதிகாரி ஒரு வங்காளி. கல்கத்தாவில் புள்ளியியல் படித்தவர். குறிப்பைப் படித்துவிட்டு, “எத்தனை சோதித்தீர்கள்?” என்று ஹிந்தியில் கேட்டார்.

“நாற்பது, சார்.”

ரிஜிஸ்தரை வாங்கினார். பெல்ட் எண்ணைப் பார்க்கவில்லை; பெட்டி எண் இருக்கும் பத்தியில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனார். இரண்டாவது கம்பெனியின் அறுந்த பெல்ட்டுகளில் பெரும்பாலானவை இரண்டே இரண்டு பெட்டிகளைச் சேர்ந்தவை. அந்தப் பெட்டிகளில் மாற்றிப் போட்ட புது பெல்ட்டுகளும் சீக்கிரமே அறுந்திருந்தன. “நாற்பது இல்லை, பத்து” என்றார். மறுநாள் அந்த இரண்டு பெட்டிகளையும் பிட்டில் ஏற்றி நூல் பிடித்துப் பார்த்தோம். அச்சுப் புல்லியும் ஆல்டர்னேட்டர் புல்லியும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. கோணலான புல்லியில் எந்தக் கம்பெனி பெல்ட்டைப் போட்டாலும் விளிம்பு உரசி அறத்தான் செய்யும். குறிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

ஒரே பெட்டியின் நான்கு பெல்ட்டுகள் ஒரே புல்லி, ஒரே தூசி, ஒரே ஃபிட்டரின் கை, ஒரே வழித்தடம் என்று எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று அறுந்தது தெரிந்தால் மற்றவற்றின் கதியும் பாதி தெரிந்த மாதிரிதான். நான்காவது பெல்ட் நமக்குப் புதிதாகச் சொல்லும் சேதி மிகக் குறைவு. ஆனால் கப்லான், மையர், காக்ஸ் மூவருடைய வழிகளும் ஒவ்வொரு பெல்ட்டும் மற்றதோடு சம்பந்தமில்லாதது என்று வைத்துக்கொண்டுதான் உறுதியின் அளவைச் சொல்கின்றன. இப்படிக் கொத்தாக வரும் ஆயுளுக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

அப்படியானால் உண்மையில் எத்தனை? பத்து என்பதும் முழுச் சரியல்ல. ஒரு சின்ன சூத்திரம் இருக்கிறது. கொத்துக்குள் ஒற்றுமை எவ்வளவு என்பதை 0 முதல் 1 வரை ஓர் எண்ணால் சொல்லுங்கள். கொத்தில் உள்ளவற்றின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, அதை இந்த எண்ணால் பெருக்கி, 1 கூட்டுங்கள். மொத்த எண்ணிக்கையை அதனால் வகுங்கள். ஒற்றுமை 0 என்றால் 40-ஐ 1-ஆல் வகுத்து 40. ஒற்றுமை 1 என்றால் 40-ஐ 4-ஆல் வகுத்து 10, வங்காளி சொன்னது. ஒற்றுமை 0.5 என்றால் 40-ஐ 2.5-ஆல் வகுத்து 16. சராசரிகளுக்கான சூத்திரம் இது. ஆயுள் கணக்குக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் விஷயம் எந்தப் பக்கம் போகிறது என்பதை நன்றாகவே காட்டும்.

“அப்ப கொத்தா இருந்தா எப்பவுமே நஷ்டம்தானா அங்கிள்?” என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. இல்லை என்பதுதான் பதில். அதற்கு அவள் துறையிலேயே புகழ்பெற்ற உதாரணம் ஒன்று இருக்கிறது.

சர்க்கரை நோயால் பாதிக்கப்பட்ட விழித்திரையில் ஒளிக்கதிரால் சூடு வைத்தால் பார்வை பிழைக்குமா? 1970-களின் தொடக்கத்தில் இது விடை தெரியாத கேள்வி. அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனத்தின் ஆதரவில் 15 மையங்களில், 1972 முதல் 1975 வரை 1,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்கு மட்டும் சிகிச்சை. எந்தக் கண் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். மற்றக் கண்ணைச் சும்மா விட்டார்கள். பிறகு எந்தக் கண்ணில் எப்போது பார்வை போகிறது என்று காத்திருந்தார்கள். படிக்கும்போது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அன்று யாருக்கும் விடை தெரியாது. சூடு வைத்த கண்தான் கெடும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். சிகிச்சை பலன் தருகிறது என்று தெளிவானதும் 1976-ல் திட்டத்தை மாற்றி, சும்மா விட்ட கண்களில் ஆபத்து அதிகமாக இருந்தவற்றுக்கும் சிகிச்சை தர ஏற்பாடு செய்தார்கள்.

இந்த ஆய்வில் அதிக ஆபத்து உள்ளவர்களில் 197 பேரின் விவரத்தை எடுத்து, ஹஸ்டர், புருக்மையர், செல்ஃப் என்ற மூவர் 1989-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்தக் கணக்கைக் கற்பவர்கள் எல்லோரும் இன்றும் அதைத்தான் போட்டுப் பழகுகிறார்கள். 197 பேர், 394 கண்கள். சிகிச்சை பெறாத 197 கண்களில் 101-ல் பார்வை போயிற்று. சிகிச்சை பெற்ற 197 கண்களில் 54-ல் போயிற்று. காக்ஸ் வழியில் அபாய வேகத்தின் விகிதம் சுமார் 0.46; ஆபத்து பாதிக்கும் கீழே.

இப்போது கவனியுங்கள். ஒப்பீடு இங்கே ஒரே மனிதருக்குள் நடக்கிறது. வலது கண்ணுக்கும் இடது கண்ணுக்கும் சர்க்கரை ஒன்று, ரத்த அழுத்தம் ஒன்று, வயது ஒன்று, சாப்பாடு ஒன்று. கழிக்கும்போது இவையெல்லாம் அடிபட்டுப் போகின்றன. மிஞ்சுவது சிகிச்சையின் வித்தியாசம் மட்டும். கண்கள் எவ்வளவுக்கு எவ்வளவு ஒற்றுமையோ அவ்வளவுக்கு அந்த வித்தியாசம் துல்லியமாகிறது. 394 கண்களும் சம்பந்தமில்லாதவை என்று கணக்கிட்டால் விகிதத்தின் மடக்கைக்கு வரும் திட்டப் பிழை சுமார் 0.17. ஜோடிகளாக இருப்பதைக் கணக்கில் எடுத்தால் அது சுமார் 0.15 ஆகக் குறைகிறது. கொத்து இங்கே லாபம். அதைக் கவனிக்காதவர் தன் கையில் இருக்கும் ஆதாரத்தைக் குறைத்து மதிக்கிறார்.

ஆனால் அதே 197 பேரில், சிறுவயதில் சர்க்கரை வந்தவர்களையும் பெரியவர்களான பின் வந்தவர்களையும் ஒப்பிட்டால்? ஒருவருடைய இரண்டு கண்களும் ஒரே அணியில் இருக்கும். அடிபட்டுப் போக ஒன்றுமில்லை. இரண்டாவது கண் சொல்லும் சேதி பழைய சேதி. இங்கே 394 என்று எண்ணினால் இல்லாத உறுதியை இருப்பதாகக் காட்டிவிடுவோம். ஒரே தரவு, ஒரே கண்கள். ஒரு கேள்விக்குக் கொத்து லாபம், இன்னொன்றுக்கு நஷ்டம். இந்த இடத்துக்கு வந்ததும் அவள் தன் காகிதத்தைப் பார்த்தாள். சர்க்கரைக் கட்டுப்பாடு என்பது ஆளுக்கு உரியது, கண்ணுக்கு உரியதல்ல. ஒரு கண்ணில் மட்டும் சர்க்கரையைக் கட்டுப்படுத்த முடியாது. அவள் நின்றது நான் 1988-ல் நின்ற அதே பக்கத்தில்.

விலங்கு ஆராய்ச்சியிலும் லாபப் பக்கத்துக்கு ஓர் உதாரணம் இருக்கிறது. மேன்டல் என்பவரும் இருவரும் 1977-ல் எழுதியது. 50 ஈற்றுகளிலிருந்து மூன்று மூன்று பெண் எலிக் குட்டிகள். ஒன்றுக்கு மருந்து, இரண்டுக்கு இல்லை. எப்போது கட்டி வருகிறது என்று பார்த்தார்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளைத் தங்களுக்குள் ஒப்பிடுவது, கண் ஆய்வில் நாம் பார்த்த தந்திரம்தான்.

சரி, கொத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது? முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. அவற்றின் மனப்போக்கே வேறு வேறு.

முதல் வழியில், கொத்து இருப்பதையே மறந்துவிட்டு காக்ஸ் முறையில் விகிதத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அதில் பெரிய தவறு நேராது. தவறு நேர்வது, அந்த விகிதத்தை எவ்வளவு நம்பலாம் என்ற இடத்தில். ஆகவே அந்த ஓர் இடத்தை மட்டும் பழுது பார்க்கிறார்கள். ஒவ்வொரு கண்ணும் எதிர்பார்ப்பிலிருந்து எவ்வளவு விலகியது என்று எடுத்து, ஒரே ஆளின் இரண்டு கண்களின் விலகல்களையும் முதலில் கூட்டிவிடுகிறார்கள். அந்த அறுபது கூட்டுத்தொகைகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதிலிருந்து திட்டப் பிழையை எடுக்கிறார்கள். சூத்திரத்தில் இரண்டு பக்கமும் ஒரே அணிக்கோவை, நடுவில் வேறொன்று வருவதால் இதற்கு சாண்ட்விச் என்று பெயர்! வெய், லின், வைஸ்ஃபெல்ட் மூவர் 1989-லும், லீ, வெய், அமாட்டோ மூவர் 1992-லும் ஆயுள் கணக்குக்கு இதைச் செம்மையாக்கினார்கள். ஒரு குறை: கொத்துகள் நிறைய இருக்க வேண்டும். அறுபது பேர் என்றால் சமாளிக்கலாம். என் பத்துப் பெட்டிக்கு இந்த வழி ஒத்துவராது.

இரண்டாவது வழி கொத்தின் காரணத்தையே தேடுகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் நம் கண்ணுக்குத் தெரியாத ஓர் எண் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறது. சராசரிப் பெட்டிக்கு அது 1. கோணல் புல்லிப் பெட்டிக்கு அது 3 ஆக இருக்கலாம். அதில் போடும் ஒவ்வொரு பெல்ட்டின் அபாய வேகமும் மூன்று மடங்கு. நல்ல பெட்டிக்கு 0.5. இந்த எண்ணுக்கு வாபெல், மேன்டன், ஸ்டாலர்ட் என்ற மூவர் 1979-ல் வைத்த பெயரைத் தமிழில் “நலிவு” என்று சொல்லலாம். பெட்டிக்குப் பெட்டி நலிவு எவ்வளவு மாறுகிறது என்பதைத் தரவே சொல்லிவிடும். மாறவே இல்லை என்றால் கொத்தும் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் டேவிட் கிளேட்டன் 1978-ல், ஒரு குடும்பத்தில் தொடர்ந்து வரும் நோய்களைப் பற்றி எழுதும்போது காட்டியது. நலிவு காமா என்ற பரவலைப் பின்பற்றினால், அதன் மாறுபாட்டு அளவோடு 1 கூட்டுங்கள். தந்தைக்கு ஒரு வயதில் நோய் வந்துவிட்டது என்று தெரிந்தால், அந்த வயதுவரை வரவில்லை என்று தெரிவதைவிட மகனின் அபாயம் அத்தனை மடங்கு. மாறுபாடு 1 என்றால் இரண்டு மடங்கு. அப்பாவுக்கு நாற்பதில் சர்க்கரை வந்தது என்று சொன்னதும் டாக்டர் நம்மை நிமிர்ந்து பார்க்கிறாரே, அந்தப் பார்வைக்கு ஓர் எண் கொடுத்த மாதிரி.

நலிவு இன்னொரு புதிரையும் அவிழ்த்தது. என் ரிஜிஸ்தரில், ஆறு மாதம் தாண்டிய பெல்ட்டுகள் அதற்குப் பிறகு அதிகம் அறவில்லை. ஓட ஓட ரப்பர் பதப்பட்டு உறுதியாகிறது என்று எங்கள் மேஸ்திரி சத்தியம் செய்வார். நானும் நம்பினேன். உண்மை என்னவென்றால், கோணல் பெட்டிகளின் பெல்ட்டுகள் ஆறு மாதத்துக்குள்ளேயே போய்விட்டன. மிஞ்சியவை நல்ல பெட்டிகளின் பெல்ட்டுகள். எந்த பெல்ட்டும் வயதாக ஆக உறுதியாகவில்லை. நலிந்த கூட்டம் வரிசையிலிருந்து விலகிவிட்டது, அவ்வளவுதான். “தொண்ணூறு தாண்டினவங்க எப்படி இருக்காங்க பாருங்க” என்று நாம் வியக்கும்போதும் இது ஓரளவு உள்ளே இருக்கிறது.

இரண்டு வழிகளும் ஒரே விகிதத்தைத் தருவதில்லை. நலிவு வழி பொதுவாக 1-லிருந்து இன்னும் தள்ளி நிற்கும் விகிதத்தைத் தரும். இதனால் மாணவர்கள் குழம்புகிறார்கள், ஏதோ ஒன்று தப்பு என்று. இரண்டும் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில். ஊர் முழுக்க லேசர் வசதி செய்தால் பார்வை இழப்பு எவ்வளவு குறையும் என்று அரசாங்கம் கேட்டால் முதல் வழி. “என்னுடைய இந்தக் கண்ணுக்குச் செய்தால், செய்யாததைவிட எவ்வளவு நல்லது?” என்று நோயாளி கேட்டால் இரண்டாவது வழி. என் சொந்த அபிப்பிராயம்: பழுது எங்கே என்று தேடும் தொழிலில் இருந்தவனுக்கு நலிவு வழிதான் சுவை. எந்தப் பெட்டியைப் பிட்டில் ஏற்ற வேண்டும் என்று அது சொல்லும், சாண்ட்விச் சொல்லாது. ஆனால் மூன்று வாரத்தில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய பெண்ணுக்கு சாண்ட்விச்சே போதும்.

அன்றிரவு எங்கள் சாப்பாட்டு மேஜையிலேயே மடிக்கணினியைத் திறந்தாள். ஆர் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் டெர்ரி தெர்னோ என்பவர் எழுதிய ஆயுள் கணக்குத் தொகுப்பில், கொத்து எது என்று ஒரு சொல் சேர்த்தால் சாண்ட்விச் தானாக வந்துவிடும். நோயாளி எண்ணைக் கொத்தாகக் கொடுத்தாள். விகிதம் அப்படியே இருந்தது. ஒரு தசமம்கூட மாறவில்லை. திட்டப் பிழைதான் பெருத்துவிட்டது. நம்பிக்கை எல்லைகள் விரிந்து 1-ஐயும் உள்ளே இழுத்துக்கொண்டன. அதாவது, வித்தியாசம் இல்லை என்பதையும் அவளுடைய தரவு மறுக்கவில்லை. இரண்டு கண்களுக்கும் ஒற்றுமை 0.6 என்று வைத்து என் சின்ன சூத்திரத்தைப் போட்டுக் காட்டினேன்: 120-ஐ 1.6-ஆல் வகுத்தால் 75. அவள் 120 என்று நினைத்திருந்தது, 75-தான்.

வெகுநேரம் பேசாமல் இருந்தாள். இரண்டு வருஷ உழைப்பு. என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள், அது ஆறிப்போயிற்று. “பழையபடியே குடுத்துட்டா யாருக்குத் தெரியும் அங்கிள்?” என்று கேட்டாள். பேராசிரியருக்குத் தெரிந்துதானே சிவப்பு மையில் கேட்டிருக்கிறார் என்றேன். பிறகு என் திரும்பப் பெற்ற குறிப்பின் கதையை முழுக்கச் சொன்னேன். அந்த இரண்டாவது கம்பெனியின் பெல்ட்டுகளைப் பல வருஷம் வாங்கினோம் என்பதையும் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து தொலைபேசியில் பேசினாள். முடிவுரையை மாற்றி எழுதிவிட்டாளாம்: வித்தியாசம் இருக்கக்கூடும், இந்த அளவு நோயாளிகளை வைத்து உறுதியாகச் சொல்ல இயலவில்லை, இன்னும் இத்தனை பேர் தேவைப்படுவார்கள் என்று. எத்தனை பேர் என்பதையும் அவளே கணக்குப் போட்டிருந்தாள். முதல் அட்டவணையின் தலைப்பில் இப்போது “நோயாளிகள் 60, கண்கள் 120” என்று இருக்கிறதாம். பேராசிரியர் அதன் பக்கத்தில் ஒரு டிக் போட்டுக் கையெழுத்திட்டுவிட்டார்.